கப்பல் திரும்பிய பக்கம்

நாவல் படித்துக் கெட்டுப்போனவர்களைப் பற்றி ஊரில் நிறையச் சொல்வார்கள். நாவல் கேட்டு உருப்பட்ட ஒரே ஒரு ஆளை நான் பார்த்திருக்கிறேன். அவர் என் தங்கையின் புருஷன். அவர் எங்களோடு உட்கார்ந்து கேட்டது ஒரே ஒரு அத்தியாயம்தான். அந்த அத்தியாயம் வருவதற்குள் எங்களைப் படுத்திய பாடு இருக்கிறதே! இப்போது நினைத்தாலும் முதலில் கோபம் வருகிறது. அதன் பின்னாலேயே 'அப்பாடா' என்று பெருமூச்சும் வந்துவிடுகிறது.

வெள்ளைக்காரன் ஆட்சி நடந்த காலம். பேரணாம்பட்டில் எங்களைப் போன்றவர்களுக்கு இரண்டே பிழைப்பு. ஆண்கள் தோல் ஷாப்புக்குப் போவார்கள், பெண்கள் பீடி சுற்றுவார்கள். தோல் பதனிடும் இடத்தை எங்கள் பக்கத்தில் ஷாப்பு என்றுதான் சொல்வோம். என் வீட்டுக்காரர் அங்கே சுண்ணாம்புத் தொட்டியில் வேலை செய்தார். எத்தனை தடவை குளித்தாலும் அவர் மேல் அந்த வாடை போகாது. கல்யாணமான புதிதில் மூக்கைப் பிடித்துக்கொண்டு சோறு போட்டேன். பிறகு பழகிவிட்டது.

எங்கள் வீட்டுக்குப் பின்சுவரை ஒட்டி பீடி ஏஜென்டு பாயின் வீடு. பாய் இலையும் தூளும் கொடுப்பார், நாங்கள் சுற்றிக் கொடுப்போம். வீட்டிலேயே தனியாக உட்கார்ந்து சுற்றலாம். ஆனால் பாயின் சம்சாரம் தன் வீட்டுக் கொல்லையில் பெரிய புங்க மரத்தடியில் கோரைப்பாய் விரித்து எல்லாரையும் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொள்வார். அவரை நாங்கள் பீபியம்மா என்போம். வெளியே போகாத மனுஷி, அதனால் வெளி உலகம் முழுவதும் தன் கொல்லைக்கு வந்தாக வேண்டும் என்று ஆசை. இலையைக் கத்தரித்து, தூளை வைத்து, உருட்டி, நூல் சுற்றி, தலையை மடக்குகிற வேலை கைக்குத்தான். வாயும் காதும் சும்மாதானே இருக்கும்? முதலில் ஊர் வம்பு பேசினோம். அது தீர்ந்ததும் நாவல் வந்தது.

வந்த விதம் வேடிக்கையானது. பீடிக் கட்டுகளைச் சுற்றிக் கட்டுவதற்காக பாய் வேலூரிலிருந்து பழைய காகிதத்தை மூட்டையாக வாங்கி வருவார். கோர்ட்டுக் காகிதம், பழைய பத்திரிகை, பரீட்சைத் தாள் என்று எல்லாம் இருக்கும். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். எழுத்தைக் கண்டால் கை நின்றுவிடும். ஒரு நாள் அந்த மூட்டைக்குள் தடியாக ஒரு புத்தகம். அட்டை இல்லை, முன்னால் சில பக்கமும் இல்லை. பெயரும் தெரியாது, எழுதியவர் பெயரும் தெரியாது. கிழிப்பதற்கு முன்னால் ஒரு பக்கத்தைச் சும்மா வாய்விட்டுப் படித்தேன். நிறுத்தியதும் எதிர்வீட்டுக்காரி, "அய்ய, இன்னா நிறுத்திட்ட? அந்தக் கங்காணி இன்னா சொன்னான்?" என்றாள்.

அன்றைக்கு ஆரம்பித்தது. ஆனால் படிக்கிற கை பீடி சுற்றாதே! என் கூலி போய்விடுமே என்று நான் இழுத்தேன். பீபியம்மா அதற்கு ஒரு சட்டம் போட்டார்.

"கேக்கிறவ அல்லாரும் ஆளுக்கு ஒரு பிடி சுத்தி இவ முறத்துல போடணும். காதுல வாங்கினா கையால குடுக்கணும். எனக்கும் அதே சட்டம்தான்."

ஏஜென்டு வீட்டம்மாவே என் முறத்தில் தன் பங்கைப் போட்டபோது வேறு யார் வாய் திறப்பார்கள்? சுற்றத் தெரியாத பிள்ளைகூட எனக்காக இலை துடைத்துக் கொடுத்துவிட்டுத்தான் கதை கேட்கும். பாயும் ஒரு சட்டம் போட்டார். படிக்கலாம், ஆனால் படித்த பக்கம் அன்றைக்குச் சாயங்காலமே கட்டுக்குப் போய்விட வேண்டும். காகிதம் வாங்கியது பீடி கட்டத்தானே, பெட்டியில் வைத்துப் பூஜை செய்யவா? ஆகவே நாங்கள் கேட்ட கதை அன்றன்றைக்கே பீடியைச் சுற்றிக்கொண்டு மறுநாள் காலை வண்டியில் ஊரைவிட்டுப் போய்விடும். திரும்பிப் படிக்கவே முடியாது. யாராவது ஒரு நாள் வராமல் போனால் அடுத்த நாள் மற்றவர்கள் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லுவார்கள். அந்தச் சண்டை தனி.

கதை இதுதான். மழை பொய்த்த ஒரு கிராமத்தில் ஒரு புருஷன் பெண்டாட்டி. சரிகைத் துண்டு போட்ட கங்காணி ஒருவன் கூலிக்கு ஆள் பிடிக்க வந்து, தேயிலைத் தோட்டத்தில் பாலும் தேனும் ஓடுகிறது என்கிறான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கப்பல் ஏறுகிறார்கள். கப்பலில் வாந்தி. தோட்டத்தில் அட்டைக் கடி. வரிசையாகக் கட்டிய கூலி வீட்டில் ஒழுகாத மூலை கிடையாது. பிள்ளை காய்ச்சலில் போய்விடுகிறது. பிறகு பெண்டாட்டியும் போய்விடுகிறாள்.

"யா அல்லா! அந்தக் கங்காணிய என் கையில குடுங்க. இந்தக் கத்தரியாலயே..." என்று பீபியம்மா பாதியில் நிறுத்தி முக்காட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்றைக்குச் சுற்றிய பீடியில் பாதி கோணல்மாணலாக இருந்தது. பாய் எங்களைத் திட்டித் தீர்த்தார்.

மற்றவர்களுக்கு அது கதை. என் தங்கைக்கு அது சேதி. ஏனென்றால் அவள் புருஷன் அப்போது பினாங்குப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் இருந்தார். குடியாத்தம் சந்தையில் ஒரு கங்காணியைப் பார்த்தார், பேசினார், போய்விட்டார். அப்படி ஒரு அவசர புத்தி. தங்கையும் அவள் பெண் குழந்தையும் என் வீட்டில் இருந்தார்கள். அக்கரையிலிருந்து வருகிற யாராவது "நல்லா இருக்கிறான்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும்.

கதை கேட்ட மறுநாள் காலையில் நான் மாவு அரைக்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வாள்.

"அக்கா, அங்க அட்டை ஜாஸ்தியாமே. இவருக்குக் கால்ல செருப்பு இருக்குமா?"

"அது தேயிலைத் தோட்டம்டி. இவர் இருக்கிறது ரப்பர் தோட்டம். அது கதை வேற."

"கதைன்னா பொய்யா?"

இதற்கு நான் என்ன சொல்ல? பொய் என்றால் நேற்று ஏன் அழுதாய் என்று திருப்பிக் கேட்பாள். "போய் வேலையைப் பாரு" என்று விரட்டிவிடுவேன்.

இப்படி இருக்கும்போது ஆனி மாசத்தில் ஒரு நாள் ஜட்கா வண்டி ஒன்று எங்கள் தெருவில் வந்து நின்றது. கோட்டுப் போட்ட ஒரு ஆள் தகரப் பெட்டியோடு இறங்கினார். மெலிந்து கறுத்திருந்தாலும் நடையை வைத்து நான் கண்டுபிடித்துவிட்டேன். தங்கை உள்ளேயிருந்து குழந்தையோடு ஓடி வந்தாள். அவர் உயிரோடு, காலும் கையும் சரியாக, முன்னால் நிற்கிறார். அவள் வாசலிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். எனக்கும் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. பொய் சொல்வானேன், அந்த நிமிஷம் அவர் மேல் எனக்கு அப்படி ஒரு பிரியம் வந்தது.

அந்தப் பிரியம் ஒரு காப்பி ஆறுகிற நேரம்கூட நிற்கவில்லை. தெருவே கூடிவிட்டது. யாரோ ஒருவர், "எப்போ திரும்பிப் போற?" என்று கேட்டார்.

இவர் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "ஆடி கழியட்டும். ஆவணியில கப்பல். இந்தத் தடவை குடும்பத்தோட போறேன். தொரைகிட்ட சொல்லிட்டுத்தான் வந்திருக்கிறேன்" என்றார்.

நான் தங்கையின் முகத்தைப் பார்த்தேன். அழுகை அப்படியே நின்றுபோயிருந்தது. மடியில் இருந்த குழந்தையை இறுக்கிக்கொண்டாள். நாவலில் செத்துப்போன குழந்தையும் இவள் குழந்தை வயசுதான்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வேறு பேச்சு இல்லை. இவர் காலையில் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போவார். அங்கே நாலு பேருக்கு நடுவில் உட்கார்ந்து, தொரை வீட்டில் பாட்டுப் பெட்டி இருக்கிறது, கிராணி தன் தோள்மேல் கைபோட்டுப் பேசுவார் என்றெல்லாம் அளப்பார். தோட்டத்து ஆபீஸ் கணக்குப்பிள்ளையைத்தான் கிராணி என்பார்களாம். என் வீட்டுக்காரர் ஒரு நாள் மெதுவாக, "சும்மா இருக்கிற வரைக்கும் ஷாப்புல வந்து நில்லேன், மேஸ்திரிகிட்ட சொல்றேன்" என்று கேட்டுப் பார்த்தார்.

"தோல் நாத்தத்துல மறுபடியும் நிக்கச் சொல்றீங்களா அண்ணே? நான் பினாங்கு பார்த்தவன்" என்றார் இவர். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த கரண்டியை அடுப்பு மேல் வீசினேன். சாப்பிடுகிற சோறு தோல் ஷாப்புச் சோறுதானே?

கிணற்றடியில் தங்கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வேணாம்னு சொல்லுடி. உன் வாயில இன்னா கொழுக்கட்டையா?"

"சொன்னா இவர் தனியா போய்டுவாரு அக்கா."

"போவட்டுமே!"

"போய்ட்டா அந்தக் கதையில வர்ற ஆள் மாதிரி ஆயிடுவாரு. நான் கூட இருந்தா எனக்கு ஆவறது ஆவட்டும். கொழந்தைய மட்டும் நீ வச்சிக்கிறியா?"

பெத்தவள் வாயில் வருகிற வார்த்தையா இது! "ரெண்டு பேரையும் எங்கயும் அனுப்ப மாட்டேன்" என்று கத்தினேன். கத்தினேனே தவிர, என்னால் என்ன செய்ய முடியும்? கூப்பிடுகிறவன் புருஷன். என் வீட்டுக்காரரும் அதையேதான் சொன்னார். "அவன் பொண்டாட்டிய அவன் கூட்டிட்டுப் போறான். நடுவுல நீ யாரு?" என்றார். அன்றைக்கு அவருக்கும் கிடைத்தது.

ஆடி முழுவதும் தங்கை ஒவ்வொன்றாகக் கையைவிட்டு விலக்கினாள். அம்மியை எனக்குக் கொடுத்தாள். கெங்கையம்மன் கோயிலுக்குப் போய் வேண்டிக்கொண்டு வந்தாள். அவளுக்கு ஒரு சிவப்புக் கோழி இருந்தது. அவள் கூப்பிட்டால்தான் வரும், வேறு யார் கூப்பிட்டாலும் தலையைத் திருப்பிக்கொள்ளும். அதைத் தூக்கிக்கொண்டுபோய் எதிர்வீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டு வந்தாள். கோழியைக் கொடுத்த அன்றைக்குத்தான் எனக்கு உறுதியாகத் தெரிந்தது, இவள் போகத்தான் போகிறாள் என்று.

ஆவணி பிறந்தது. கேட்டவர்களிடமெல்லாம் இவர், "கங்காணி ஆள் அனுப்புவாரு, வந்ததும் கெளம்ப வேண்டியதுதான்" என்றார். பிறகு, "அடுத்த வாரம்" என்றார்.

புங்க மரத்தடியில் கதை நடந்துகொண்டுதான் இருந்தது. நிறுத்திவிடலாம் என்று நான் சொன்னேன். தங்கைதான் விடவில்லை. "போற எடத்தைப் பத்தி தெரிஞ்சிக்கிறேனே" என்றாள். அவள் கேட்டுக்கொண்டே சுற்றுவாள், முகத்தில் ஒன்றும் தெரியாது. என் முறத்தில் எல்லாரையும்விட ஜாஸ்தி போடுகிறவளும் அவள்தான்.

அப்போது நான் ஒன்றைக் கவனித்தேன். மத்தியானம் நாங்கள் கதையை ஆரம்பித்ததும் எங்கள் வீட்டுப் பின்சுவருக்கு மேலே பீடிப் புகை எழும்பும். கதை முடிந்ததும் நின்றுவிடும். சுவருக்கு அந்தப் பக்கம் நிழலில் கயிற்றுக்கட்டில் போட்டுப் படுத்துக்கொண்டு இந்தப் பினாங்குக்காரர் ஓசியில் கதை கேட்டுக்கொண்டிருக்கிறார்! நாங்கள் ரத்தம் கட்டச் சுற்றுகிறோம், துரை மகன் ஊதிக்கொண்டு கேட்கிறாராமே. பல நாள் ஆத்திரம் எனக்குத் தலைக்கு ஏறியது.

"சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெரிய மனுஷரே!" என்று சத்தமாகக் கூப்பிட்டேன். "இங்க ஒரு சட்டம் இருக்குது, தெரியுமில்ல? காதுல வாங்கினா கையால குடுக்கணும். இல்லன்னா காதைப் பொத்திக்கினு படுங்க."

புகை நின்றது. எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பீபியம்மா உள்வாசலுக்குப் போய் நின்றுகொண்டு, "தம்பி, எனக்கே இந்தச் சட்டம் உண்டு. கொல்லைப் படியில திரும்பி உக்காந்து சுத்து. வெக்கப்படாத, உங்கம்மாகூட இங்கதான் சுத்துவாங்க, நீயும் சின்னதுல சுத்தினவன்தான்" என்றார்.

பீபியம்மா சொன்னால் மறுக்க முடியாது. கோட்டில்லாமல் பனியனோடு வந்தார். முறத்தை வாங்கிக்கொண்டு கொல்லைப் படியில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். அந்நிய ஆண் பிள்ளை வந்தால் அப்படித்தான் உட்கார வேண்டும். எங்களுக்கு அவர் முதுகும் முழங்கையும்தான் தெரிந்தன. விரல் முதலில் தடுமாறியது. பிறகு பழைய பழக்கம் வந்துவிட்டது.

நான் படிக்க ஆரம்பித்தேன். அன்றைக்கு வந்த அத்தியாயத்தில் தேயிலைச் செடிக்கு நோய் வந்து தோட்டத்தை மூடுகிறார்கள். கூலிகளை வரிசையாக நிற்க வைத்து, இனி வேலை இல்லை, ஊருக்குக் கப்பல் ஏறுங்கள் என்று சொல்லிவிடுகிறார்கள். பெண்டாட்டியையும் பிள்ளையையும் அங்கே மண்ணில் விட்டுவிட்டுக் கதாநாயகன் கப்பலில் உட்கார்ந்திருக்கிறான். நான் படித்தேன்:

"கப்பலின் தட்டிலே அவர்கள் கூட்டங்கூட்டமாய் உட்கார்ந்து, ஊரார் கேட்டால் யாது உரைப்பதென்று ஒருவர்க்கொருவர் ஒத்திகை பார்த்துக்கொண்டனர். ஒருவன் தான் விடுப்பில் வந்ததாக உரைப்பேன் என்றான். மற்றொருவன் துரை தன்னை மறுபடியும் அழைத்திருப்பதாக உரைப்பேன் என்றான். மெய்யை உரைப்பேன் என்று சொன்னவன் அங்கே ஒருவனும் இலன்."

கொல்லைப் படியில் முழங்கை நின்றது.

நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் அடுத்த வரிக்குப் போனேன். அவர் திரும்பாமலே, "அக்கா" என்றார். "அந்தக் கப்பல்லதான் நானும் வந்தேன்."

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. எதிர்வீட்டுக்காரி, "எந்தக் கப்பல்?" என்றாள்.

"இப்போ படிச்சாங்களே, அந்தக் கப்பல்."

"அது தேயிலைக்காரங்க கப்பல்பா. நீ ரப்பராச்சே."

"தேயிலையா இருந்தா இன்னா, ரப்பரா இருந்தா இன்னா? நாங்களும் அப்படித்தான் தட்டுல உக்காந்து பேசி வச்சிக்கினு வந்தோம். விடுப்புல வந்தேன்னு சொல்லலாம்னு பக்கத்துல இருந்தவன் சொன்னான். நான், குடும்பத்தக் கூட்டிப் போக வந்தேன்னு சொல்றேன்னேன். அதுதான் கௌரவமா இருக்கும்னு அல்லாரும் சொன்னாங்க." அவர் ஒரு இலையை எடுத்து முறத்திலேயே திரும்பப் போட்டார். "ரப்பர் வெல உழுந்துபோச்சி. தோட்டத்துல பாதி மரத்துல பால் வெட்டாமலே உட்டுட்டாங்க. எங்களைக் கப்பல் ஏத்தி அனுப்பிட்டாங்க. இதை எழுதினவரு எங்க கூடத்தான் வந்திருக்கணும். யாருன்னுதான் தெரியல."

அந்தப் புத்தகம் எழுதி எத்தனையோ வருஷம் ஆகியிருக்கும், காகிதமே பழுத்திருந்தது. அதை அவரிடம் சொல்வானேன் என்று விட்டுவிட்டேன். மரத்தடிப் பெண்கள் எல்லாரும் அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தோம். நான் தங்கையைப் பார்த்தேன். அவள் எழுந்து நின்றாள். மடியில் இருந்த முறம் கவிழ்ந்து தூளெல்லாம் கொட்டியது.

"அப்போ... நாம திரும்பிப் போறது?"

"எங்க போறது? அங்க போறதுக்கு இன்னா இருக்குது? தொரையே போய்ட்டான்."

"கங்காணி ஆள் அனுப்புவாருன்னீங்க?"

"கங்காணியும் எங்க கூடத்தான் கப்பல்ல வந்தாரு."

தங்கை இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டு ஓலமிட்டாள்.

"பாவி மனுஷா! என் கோழியைக் குடுத்துட்டேனே!"

முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. பீபியம்மாவாகத்தான் இருக்கும். பிறகு ஒருவரும் பாக்கியில்லை. சிரித்துச் சிரித்து அழுதோமா, அழுது அழுது சிரித்தோமா, எனக்கே தெரியாது. தங்கை ஓடிப்போய்க் கவிழ்ந்த முறத்தால் அவர் முதுகிலேயே இரண்டு போட்டாள். "இத்தினி நாளா நான் செத்துச் செத்துப் பொழைச்சேனே, வாயில இன்னா இருந்தது உனக்கு?" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து 'நீங்க, வாங்க' என்று பேசியவள், அன்றைக்கு மரியாதையெல்லாம் பறந்துவிட்டது. அவர் அடியை வாங்கிக்கொண்டு, திரும்பாமலே, குனிந்து உட்கார்ந்திருந்தார். அவரும் குலுங்கினார். அழுகிறார் என்று நினைத்தேன். பாதி சிரிப்பும் இருந்தது. மனசில் இருந்த மூட்டையை இறக்கி வைத்தால் மனுஷனுக்கு வேறென்ன வரும்?

எதிர்வீட்டுக்காரி, "கோழி உன்னுதுதாண்டி, சாயங்காலமே எடுத்துக்கினு போ. அது இன்னும் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கல. முட்டை மட்டும் நாங்க சாப்பிட்டுட்டோம்" என்றாள்.

எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. மாசக்கணக்கில் அவர் மேல் வைத்திருந்த கோபம் எங்கே போயிற்று என்று தேடினேன், அகப்படவில்லை. வெறுங்கையோடு வந்ததற்காக ஒரு மனுஷன் இத்தனை பயப்பட்டிருக்கிறாரே என்றுதான் இருந்தது. அவர் உயிரோடு வந்ததே எங்களுக்குப் போதும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. நாங்களும்தான் சொல்லவில்லை, "எப்போ திரும்பிப் போற" என்றுதான் கேட்டோம்.

"சரி, மிச்சத்தையும் படிக்கிறேன்" என்று நான் புத்தகத்தை எடுத்தேன். இன்னும் கொஞ்சம் பக்கம்தான் பாக்கி. கப்பலின் மேல்தட்டில் நின்று யாரோ 'கரை தெரிகிறது' என்று கூவுகிற இடத்தில் நிறுத்தியிருந்தேன்.

தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம் அக்கா. அந்த ஆளு கப்பல்லயே இருக்கட்டும், கரை தெரியுதில்ல, அது போதும். இதுக்கு மேல படிச்சா எழுதினவரு அவனை எதுனா பண்ணிடுவாரு. பொண்டாட்டிய, புள்ளைய விட்டாரா பாரு."

"முடிவு தெரிய வேணாமா?"

"வேணாம்" என்றார்கள் எல்லாரும். பீபியம்மாகூட மகளைக் கூப்பிடுகிற உருதுச் சொல்லில், "பேட்டி, இன்னிக்கு நல்ல சேதியோட நிக்கட்டும். மிச்சத்தைப் படிக்காமலே கட்டிடு" என்றார்.

எழுத்தைக் கண்டால் கை நிற்கிறவள் நான். எனக்கு எப்படி இருந்திருக்கும்? ஆனால் தங்கை கையை விடவில்லை. சாயங்காலம் அவளே உட்கார்ந்து அந்தக் கடைசிப் பக்கங்களைக் கிழித்துக் கட்டுகளைச் சுற்றினாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து நூல் கட்டினார். மறுநாளிலிருந்தே அவர் ஷாப்புக்குப் போனார். என் வீட்டுக்காரரோடு சுண்ணாம்புத் தொட்டியில் நின்றார். கோட்டு குழந்தைக்குத் தூளியில் விரிக்க உதவியது.

பிற்பாடு நான் நாவல்கள் எத்தனையோ படித்துவிட்டேன். ஊரைவிட்டுப் போனவர்களைப் பற்றி எழுதாத எழுத்தாளரே இல்லை போலிருக்கிறது. கடல் தாண்டிப் போகிறவர்கள், ரயில் ஏறிப் போகிறவர்கள், போன இடத்தில் பட்ட கஷ்டம் எல்லாம் பக்கம் பக்கமாக வரும். படித்து அழுவேன். ஆனால் வெறுங்கையோடு வீட்டு வாசலுக்குத் திரும்பி வருகிற ஆளுக்கு எல்லாரும் கொடுப்பது நாலு வரிதான். அந்த நாலு வரியை ஒழுங்காக எழுதிய ஒரு நாவல் எங்கள் கையில் கிடைத்தது. பெயர்கூடத் தெரியாது. அதையும் பீடியில் சுற்றி அனுப்பிவிட்டோம். அந்தக் கதாநாயகனை அப்புறம் என்ன செய்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரியாததில் எனக்கு நிம்மதிதான்.

கப்பல் கதையைக் கட்டிய மறுநாள் மத்தியானம் காகித மூட்டையைக் கிளறினேன். நாவல் ஒன்றும் அகப்படவில்லை, ஒரு பழைய பஞ்சாங்கம்தான் கிடைத்தது. எதையாவது படி என்று எல்லாரும் கத்தினார்கள். கல்யாணத்துக்கு நல்ல நாள், விதை விதைக்க நல்ல நாள் என்று வரிசையாகப் படித்துக்கொண்டு போனேன். யாருக்கும் சுவாரசியமில்லை. அன்றைக்கு ஷாப்பில் வேலை சீக்கிரம் விட்டுவிட்டதால் அவரும் கொல்லைப் படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்து சுற்றிக்கொண்டிருந்தார்.

"கப்பலேறித் தூரதேசம் போவதற்கு உத்தமமான நாட்கள்..." என்று படித்தேன்.

"அக்கா!" என்று படியிலிருந்து அலறல் கேட்டது. "அந்தப் பக்கத்தை மொதல்ல கிழிச்சிக் கட்டுங்க!"

நான் கிழிப்பதற்குள் தங்கை பிடுங்கிக் கிழித்துவிட்டாள்.